கார மிளகாய்ச் செடிக்கு என்னதான் வேண்டும்? முதல்முறை வளர்ப்பவர்களுக்கு

மிளகாய் வளர்ப்பது கஷ்டமா என்று கேட்டால், செடி வளர்வது சுலபம், காய்க்கும்போதுதான் கொஞ்சம் பிகு பண்ணும் என்று சொல்வேன். விதையைப் போட்டால் முளைக்கும், இலை விடும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் உயரம் வந்துவிடும். அதற்கப்புறம்தான் கேள்விகள் வரிசையாக வரும்: பூவெல்லாம் கொட்டுகிறதே, இலை ஏன் இப்படிச் சுருண்டு போகிறது, காய்த்தாலும் உறைப்பே இல்லையே. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மருந்து தேடி அலைவதைவிட, இது எப்படிப்பட்ட செடி, எந்தக் கட்டத்தில் அதற்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் பாதித் தொல்லை குறைந்துவிடும். ஏனென்றால் தொட்டி மிளகாய்க்கு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை நம் கையால் வருபவை. அளவுக்கு மீறிய தண்ணீர், அளவுக்கு மீறிய உரம், பூச்சி இருக்கிறதா என்று இலையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் அடிக்கும் மருந்து.

காரம் எங்கே இருக்கிறது?

விதையில் என்று பலரும் சொல்வார்கள். கிடையாது. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் உருவாவது விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வெளுத்த சதையில். பழுத்த மிளகாய் ஒன்றை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். காம்புக்கு அடியில் தொடங்கி விதைகளைத் தாங்கியபடி கீழே இறங்கும் வெள்ளைச் சதையும், அதிலிருந்து காயின் உட்சுவரை ஒட்டி ஓடும் நரம்புகளும் தெரியும். மிகக் காரமான ரகங்களில் அந்தச் சதைமேல் மஞ்சளாக, எண்ணெய்ப் பசையோடு ஏதோ மின்னும். அதுதான் விஷயம். விதை அதை உரசிக்கொண்டே இருப்பதால் அதற்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது, பழி அதன்மேல் விழுந்துவிட்டது.

கேப்சைசின் உண்மையில் நாக்கைச் சுடுவதில்லை. நம் நரம்பு முனைகளில் சூட்டை உணர்வதற்கென்றே ஓர் ஏற்பி இருக்கிறது, டிஆர்பிவி1 என்று பெயர். ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது மூளைக்குத் தகவல் அனுப்பும். கேப்சைசின் அதே ஏற்பியில் போய் உட்கார்ந்து அதே தகவலை அனுப்பவைக்கிறது. உடம்பு நிஜமாகவே சூடு பட்டதாக நம்பி வியர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸும் அவருடைய குழுவினரும் 1997-ல் இந்த ஏற்பியை இனம்கண்டார்கள். 2021-ல் ஜூலியஸுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த வேலைதான் முக்கியக் காரணம்.

பறவைகளின் ஏற்பி கேப்சைசினைக் கண்டுகொள்வதே இல்லை. அவை பழத்தை விழுங்கிவிட்டு விதையைச் சேதமில்லாமல் வேறெங்கோ கொண்டுபோய்ப் போட்டுவிடும். எலி போன்ற பாலூட்டிகள் கடைவாய்ப் பல்லால் விதையை அரைத்துவிடும் என்பதால் அவற்றை விரட்ட இந்த உறைப்பு செடிக்கு உதவுகிறது. பொலிவியாவில் காட்டு மிளகாயை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: பூச்சி குத்திய துளை வழியாகக் காய்க்குள் நுழைந்து விதையை அழிக்கும் ஒருவகைப் பூஞ்சையையும் கேப்சைசின் அடக்கிவைக்கிறது. ஆகக் காரம் என்பது செடி தன் விதைக்குப் போட்டுக்கொண்ட காவல். நமக்கு அது ருசியாகிப் போனது வேறு கதை.

காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகு 1912-ல் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலாளர் கொண்டுவந்தது. மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்துகொண்டே போய், ருசி பார்ப்பவர்களுக்கு உறைப்பே தெரியாமல் போக எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அவர் முறை. இப்போது கருவி வைத்தே கேப்சைசினை அளந்துவிடுகிறார்கள், அலகு மட்டும் பழையதே. குடைமிளகாய் 0. ஹலபேனோ 2,500 முதல் 8,000 வரை. ஹபனேரோ ஒரு லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம். கின்னஸ் பட்டியலில் 2023-ல் முதலிடத்துக்கு வந்த பெப்பர் எக்ஸ் சராசரியாக 26,93,000. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதை வளர்த்து என்ன செய்யப் போகிறோம் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

எந்த ரகம்?

செடியின் காரத்தை முதலில் தீர்மானிப்பது அதன் ரகம். வெயில், தண்ணீர், உரம் எல்லாம் அந்த எல்லைக்குள் கொஞ்சம் ஏற்றி இறக்குமே தவிர, சாதுவான ரகத்தை எந்த உரம் போட்டாலும் ஹபனேரோ ஆக்க முடியாது. தண்ணீரைக் குறைத்துச் செடியை வாட்டினால் காரம் ஏறும் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை, சில ரகங்களில் ஏறத்தான் செய்கிறது. கூடவே காயின் எண்ணிக்கையும் பருமனும் குறையும். முதல் செடியில் அந்த வித்தை வேண்டாம்.

மனிதர்கள் பழக்கி வளர்க்கும் மிளகாயில் ஐந்து இனங்கள் இருக்கின்றன, ஐந்துக்கும் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். குடைமிளகாய், ஹலபேனோ, நீளமான பச்சை மிளகாய்களில் பெரும்பாலானவை எல்லாம் அனூம் என்ற இனம். வானத்தைப் பார்த்து நிமிர்ந்து காய்க்கும் காந்தாரி போன்ற சின்ன மிளகாய்கள் ஃபுரூட்டசென்ஸ். ஹபனேரோவும் உலகச் சாதனைப் பட்டியலில் வரும் பயங்கரங்களும் சைனென்ஸ். பெயரைப் பார்த்துவிட்டுச் சீனத்து மிளகாய் என்று நினைத்துவிடக் கூடாது, பெயர் வைத்தவர் ஊரைத் தப்பாக நினைத்ததால் வந்த பெயர் அது. மீதி இரண்டு, பக்காட்டமும் பியூபசென்ஸும், தென் அமெரிக்காவுக்கு வெளியே அதிகம் பரவவில்லை. பியூபசென்ஸின் விதை கறுப்பாகவும் இலை மெல்லிய ரோமத்தோடும் இருக்கும், அதற்குக் குளிர்ச்சியான மலைப்பகுதித் தட்பவெப்பம்தான் பிடிக்கும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் அனூம் அல்லது ஃபுரூட்டசென்ஸில் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. அனூம் ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்து, நாற்று நட்ட இரண்டு இரண்டரை மாதத்தில் பறிக்கத் தரும். சைனென்ஸ் முளைக்கவே மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும், காய் பழுக்க நாற்று நட்டபின் 100 நாளுக்கு மேலும் ஆகலாம். அந்தப் பொறுமை முதல் தடவையிலேயே எல்லோருக்கும் வராது.

விதையிலிருந்து நாற்று வரை

மிளகாய் விதைக்கு வெளிச்சம் தேவையில்லை, சூடு தேவை. மண் 25 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் சட்டென்று முளைக்கும். 15 டிகிரிக்குக் கீழே போனால் விதை அப்படியே கிடக்கும், ஈரம் மட்டும் இருந்து சூடு இல்லாததால் அழுகியும் போகும். "விதை சரியில்லை" என்று தூக்கிப் போடப்பட்ட தட்டுகளில் நிறைய இப்படிக் குளிரில் முடங்கியவைதான். குளிர் நாட்களில் விதைத்தட்டை வீட்டுக்குள் கதகதப்பான மூலையில் வைக்கலாம், நாற்றுகளுக்கென்று விற்கும் வெப்பப் பாய் இருந்தால் இன்னும் நல்லது.

விதையை ஓரிரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளோ மூடியோ போட்டு வைத்தால் போதும். ஊன்றும் கலவை லேசாக இருக்க வேண்டும். கோகோபீட் எனும் தென்னை நார்த்தூளும் சலித்த மண்புழு உரமும் கலந்தது தாராளம். முளை எட்டிப் பார்த்த அன்றே மூடியை எடுத்துவிடுங்கள். இதில் ஒருநாள் இரண்டு நாள் அசட்டை செய்தால்கூட நாற்றழுகல் வந்துவிடும்: நேற்று மாலை நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலை அடித்தண்டு நூலாக மெலிந்து சாய்ந்து கிடக்கும். தண்ணீர் தேங்கிய, காற்றோட்டம் இல்லாத மண்ணில் பூஞ்சை செய்யும் வேலை இது. சாய்ந்த நாற்று பிழைக்காது. மிச்சத்தைக் காப்பாற்ற, மேல்மண்ணைச் சற்றே காயவிட்டு, தட்டின் அடியிலிருந்து தண்ணீர் காட்டி, காற்று படும் இடத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

முளைத்தபின் வெளிச்சம் வேண்டும், நிறைய வேண்டும். ஜன்னலோரம் வைத்த நாற்று வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக, வெளிறிப்போய் வளர்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். எல்இடி விளக்கில் வளர்ப்பவர்கள் ஒருநாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடலாம், அதற்கு மேல் தேவையில்லை.

முதலில் வரும் இரண்டு இலைகள் விதையிலைகள், குறுகலாக வழவழவென்று இருக்கும். அதற்கப்புறம் வருபவைதான் நிஜ இலைகள். நான்கு நிஜ இலை வந்ததும் சின்னத் தொட்டிக்கு மாற்றலாம். தூக்கும்போது தண்டைப் பிடிக்கக் கூடாது, இலையைப் பிடித்துத் தூக்க வேண்டும். இலை கிழிந்தால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் நாற்றே போச்சு. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த நாற்றை எடுத்த எடுப்பில் உச்சி வெயிலில் வைத்தால் இலைகள் வெள்ளை வெள்ளையாக வெந்துவிடும். முதல்நாள் நிழலில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இளவெயிலில் இரண்டு மணி நேரம் என்று ஒரு வாரம் பத்து நாளில் பழக்கினால் தாங்கும்.

தொட்டியும் மண்ணும்

ஒரு செடிக்கு 10 முதல் 15 லிட்டர் பிடிக்கும் தொட்டி, ஓரடி ஆழம் இருந்தால் நல்லது. காந்தாரி போன்ற சின்ன வகை கொஞ்சம் சிறிய தொட்டியிலும் சமாளித்துக்கொள்ளும். அடியில் நாலைந்து துளை அவசியம். துளைக்கு மேல் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள், நடப்பது வேறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குத் தண்ணீர் லேசில் இறங்காது, மேலே இருக்கும் மண் முழுக்க நனைந்து நிறைந்தபிறகுதான் இறங்கும். அதாவது தொட்டியின் அடியில் இருக்க வேண்டிய ஈரச்சேறு வேருக்குப் பக்கத்தில் ஏறிவிடுகிறது. கல்லுக்குச் செலவிடும் இடத்தில் இன்னும் இரண்டு கை மண்ணைப் போடுங்கள். மண் கொட்டாமலிருக்கத் துளைமேல் ஒரு வலைத்துண்டு போதும்.

கலவைக்குத் தோட்டமண், மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், கோகோபீட் மூன்றையும் சமபங்கு எடுத்துக்கொண்டால் ஆரம்பிக்கலாம். பிசுபிசுக்கும் களிமண்ணாக இருந்தால் மண்ணைக் குறைத்து மணலோ, பெர்லைட் எனும் லேசான வெள்ளைக் கல்துகளோ சேர்க்க வேண்டும். மண்ணின் அமிலகாரத்தன்மை (pH) 6-க்கும் 7-க்கும் நடுவில் இருப்பது மிளகாய்க்குப் பிடித்தது. மக்காத பச்சைச் சாணம், பாதி மக்கிய சமையலறைக் கழிவு இரண்டையும் தொட்டியில் போடவே வேண்டாம், மக்கும்போது வரும் சூட்டில் வேர் வெந்துவிடும்.

தண்ணீர்தான் எல்லாம்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படித்துவிடுங்கள். தினமும் காலையில் ஒரு குவளை என்று கணக்கு வைத்து ஊற்றுவது மிளகாய்க்கு ஆகாது, ஏனென்றால் செடிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது அன்றைய வெயில், காற்று, தொட்டியின் அளவு, செடியின் வயது எல்லாவற்றையும் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் இன்று வேண்டாம். உலர்ந்திருந்தால் அடித்துளை வழியாகத் தண்ணீர் வெளியே வரும்வரை நிறைய ஊற்றி, கீழே தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துவிட்டுப் போனால் மேல்மண் மட்டும் நனைந்து வேரும் மேலாகவே படர்ந்துவிடும், அப்புறம் ஒருநாள் வெயிலைக்கூடச் செடி தாங்காது. தொட்டியை லேசாகத் தூக்கிப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. நனைந்த தொட்டிக்கும் காய்ந்த தொட்டிக்கும் உள்ள கனம் கைக்குச் சீக்கிரம் பழகிவிடும்.

மதியம் செடி தொய்ந்து நிற்பதைப் பார்த்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். கடும் வெயிலில் இலை வழியாக வெளியேறும் தண்ணீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது, அதனால் இலையைத் தொங்கவிட்டு வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்துவிடும். காலையிலும் தொய்ந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும், அப்போதும் முதலில் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மண் காய்ந்திருந்தால் தாகம், தண்ணீர் விட்டால் மணிக்கணக்கில் தேறிவிடும். மண் ஈரமாக இருந்தும் செடி வாடியிருக்கிறதா? வேர் அழுகத் தொடங்கியிருக்கிறது. இங்கே மேலும் தண்ணீர் ஊற்றுவது செடியைக் கொல்வதற்குச் சமம், ஆனால் வாடிய செடியைப் பார்த்ததும் கை தானாகத் தண்ணீருக்குத்தான் போகும்.

கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்வதும், இலையின் அடிப்பக்கம் உப்புக்கல் ஒட்டியதுபோல் சின்னச் சின்னக் கொப்புளம் வருவதும்கூடத் தண்ணீர் அதிகமானதன் அறிகுறிகளே. கொப்புளத்தைப் பூச்சி முட்டை என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு. நகத்தால் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், முட்டை உரிந்து வரும், கொப்புளம் இலையோடு இலையாக இருக்கும்.

மண்ணின்மேல் காய்ந்த சருகையோ வைக்கோலையோ இரண்டு அங்குலம் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் சீராக நிற்கும், தண்டை மட்டும் தொடாமல் சுற்றிலும் இடம் விடுங்கள். இந்தச் சீர் என்பது காய்க்கும் பருவத்தில் மிக முக்கியம். நாலு நாள் காயப்போட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் காயின் நுனி நீர்கோத்து, அப்புறம் பழுப்பாகி, கறுத்து அமுங்கிவிடும். சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்று இதற்குப் பெயர் சொல்வார்கள், அது சரிதான், ஆனால் பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருக்கும், அதைக் காய்க்குக் கொண்டுசேர்க்கத் தண்ணீர் ஒழுங்காக ஓடியிருக்காது. உடனே முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதால் இந்தக் காய்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, ஓடு கரைய மாதக்கணக்காகும். எப்சம் உப்புப் போடுவது இன்னும் மோசம். அதில் இருப்பது மக்னீசியம், அது அதிகமானால் சுண்ணாம்புச்சத்தோடு போட்டி போடும்.

உரமும் பூவும்

மிளகாய்க்கு நேரடி வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். வெயில் போதாத இடத்தில் எவ்வளவு உரம் போட்டாலும் பிரயோஜனமில்லை என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மறுபக்கம், பகல் வெப்பம் 35 டிகிரி தாண்டும் நாட்களில் பிற்பகல் வெயிலுக்கு மட்டும் நிழல்வலை கட்டுவது செடிக்கு உதவும். கறுப்புத் தொட்டி வெயிலில் நின்றால் உள்ளே வேர் வெந்துபோகும், வெளிர்நிறத் துணி ஒன்றைச் சுற்றிவிட்டால்கூடப் போதும்.

தழைச்சத்து (நைட்ரஜன்) இலைக்கு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேருக்கும் பூவுக்கும், சாம்பல்சத்து (பொட்டாசியம்) காய்க்கு என்று மேலோட்டமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். நாற்று வளரும்போது தழைச்சத்து கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம். மொட்டு தெரிந்தபின்னும் அதையே கொடுத்துக்கொண்டிருந்தால் செடி கரும்பச்சையாக, புதர்போல, ஆசையாக வளரும், பூ மட்டும் வராது. சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினிக்கும் அந்தக் கொழுத்த கொழுந்துதான் விருந்து. மொட்டு கட்டியதும் தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல்சத்து உள்ள உரத்துக்கு மாறிவிடுங்கள். மண்புழு உரம் மாதம் ஒரு கைப்பிடி மேலே தூவிக் கிளறிவிடுவது பாதுகாப்பானது. பாக்கெட் உரம் என்றால் அதில் போட்டிருக்கும் அளவில் பாதியில் ஆரம்பிக்கலாம், காய்ந்த மண்ணில் ஒருபோதும் ஊற்றாமல் முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துக்கொள்ள வேண்டும். இலை ஓரம் பழுப்பாகக் கருகினால் உரம் அதிகம்.

செடி ஓரளவு வளர்ந்ததும் தண்டு இரண்டாகக் கவைபிரியும், அந்தக் கவையில்தான் முதல் பூ. அனூம் பூ வெள்ளையாக, தலை கவிழ்ந்து, பெரும்பாலும் கணுவுக்கு ஒன்றாக இருக்கும். நடுவில் நீலமும் ஊதாவுமாக நிற்கும் சின்னத் தூண்கள்தான் மகரந்தப்பைகள், வெடித்தால் வெளிர்மஞ்சள் பொடி வரும். ஆண், பெண் இரண்டும் ஒரே பூவில் இருப்பதால் காய் பிடிக்க இன்னொரு செடி தேவையில்லை. வெளியே காற்றும் தேனீயும் பார்த்துக்கொள்ளும். வீட்டுக்குள்ளோ மூடிய பால்கனியிலோ இருந்தால் காலை நேரத்தில் கிளையை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

பூ கொட்டுவதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். பகல் 32, 35 டிகிரியைத் தாண்டினாலும், இரவு 24 டிகிரிக்குமேல் புழுக்கமாக நின்றாலும், 15 டிகிரிக்குக் கீழே போனாலும் மகரந்தம் சரியாக வேலை செய்யாமல் பூ உதிரும். பெரிய காய் ரகங்கள் இதில் ரொம்ப நோஞ்சான், சின்னக் கார மிளகாய்கள் இன்னும் கொஞ்சம் தாங்கும். அந்த வாரம் போய் வெப்பம் இறங்கினால் செடி மறுபடி பூக்கும். வெப்பம் சரியாக இருந்தும் கொட்டினால் தண்ணீர், தழைச்சத்து, இலைப்பேன் எனும் நுண்ணிய பூச்சி மூன்றையும் இதே வரிசையில் சந்தேகப்படலாம். செடி தாங்குவதற்குமேல் பூத்திருந்தாலும் கொஞ்சம் உதிர்த்துவிடும், அது அதன் கணக்கு.

இலையைத் திருப்பிப் பாருங்கள்

இலை சுருண்டால் எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓரங்கள் மேல்நோக்கி மடங்கிப் படகாக நின்றால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலை குறுகி, காம்பு நீண்டு, கொழுந்து முரடாகித் தடித்திருந்தால் கண்ணுக்கே தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேன். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம். வெள்ளைத் தாளைக் கொழுந்துக்கு அடியில் பிடித்துக்கொண்டு நாலு தட்டுத் தட்டினால் இலைப்பேன் மெல்லிய மஞ்சள் கீற்றுகளாகத் தாளில் ஊர்வது தெரியும். வெயிலில் முதிர்ந்த இலை மட்டும் லேசாகச் சுருண்டு, கொழுந்து ஒழுங்காக இருந்தால் பூச்சியே இல்லை, வெயிலுக்குச் செய்துகொண்ட ஏற்பாடு.

அசுவினி கொழுந்தின் அடியில் கும்பலாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும், அதன் தேன் கழிவுக்காக எறும்பு வரிசைகட்டும். செடியில் எறும்பு ஏறினால் முதலில் அசுவினியைத் தேடுங்கள். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கும், இலைப்பேன், வெள்ளை ஈக்கும் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கலப்பதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசலும் சேர்த்து நன்றாகக் குலுக்கி, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் எண்ணெய் இலையைக் கருக்கிவிடும். முதலில் ஓர் இலையில் தெளித்து மறுநாள் வரை பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். முட்டை பொரிந்து அடுத்த தலைமுறை வரும் என்பதால் ஐந்தாறு நாள் கழித்து மறுபடி தெளிக்க வேண்டும். இலை கவிழ்ந்து சுருளும் சிலந்திப்பேனுக்கு தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத்தூள் நன்றாகக் கேட்கும், ஆனால் எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் போடக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துவிடும்.

வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை வைரஸ் வந்துவிட்டால், கொழுந்து குட்டையாகி, நரம்பு மஞ்சளாகி, செடி வளராமல் நின்றுவிடும். அதற்கு மருந்து கிடையாது. மனசு கேட்காதுதான், இருந்தாலும் பிடுங்கி அப்புறப்படுத்தினால் பக்கத்துச் செடிகள் பிழைக்கும்.

நோய் என்று நினைத்துப் பயப்பட வேண்டாத இரண்டு விஷயங்கள்: தண்டின் கணுக்களில் தெரியும் கருஊதாக் கோடு பல ரகங்களுக்கு இயல்பு, கடும் வெயில் படும் பச்சைக் காயில் வரும் கருந்திட்டும் செடி தன் காய்க்குப் பூசிக்கொள்ளும் நிறமிதான், பழுக்கும்போது மறைந்துவிடும்.

பறிப்பது, கையைக் காப்பது

காய் முழு அளவு வந்து கெட்டியானதும் பச்சையாகவே பறிக்கலாம். விட்டால் இன்னும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் நிறம் மாறிப் பழுக்கும், வாசனையும் இனிப்பும் கூடும். ஆனால் பழுக்கவிடும் ஒவ்வொரு காயும் அடுத்த பூவைத் தள்ளிப்போடும், எனவே நிறையக் காய் வேண்டுமென்றால் அடிக்கடி பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிளைகள் சுலபமாக முறியும், இழுக்காமல் கத்தரியால் காம்போடு வெட்டுங்கள். ஹலபேனோ தோலில் வரும் பழுப்புக் கீறல்கள் முதிர்ச்சியின் அடையாளம், கெட்டுப்போனதில்லை.

காரமான ரகங்களை நறுக்கும்போது கையுறை போட்டுக்கொள்வது நல்லது, அதிலும் கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்குக் கட்டாயம். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கை எரிந்தால் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்து, அப்புறம் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவினால் பெருமளவு போய்விடும். வாய் எரிந்தால் பால் குடிக்கலாம். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது, தண்ணீர் அதை வாய் முழுக்கப் பரப்பிவிடுவதோடு சரி.

அடுத்த பருவத்துக்கு

ஒருமுறை காய்த்ததும் செடி முடிந்துவிட்டது என்று பிடுங்கிப் போடுகிறார்கள். மிளகாய் பல வருடம் வாழும் செடி. உறைபனிதான் அதைக் கொல்கிறது, 10 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே வாட ஆரம்பித்துவிடும். குளிர் வரும் முன் எல்லாக் காயையும் பறித்துவிட்டு, கவைக்கு மேல் சில அங்குலம் மட்டும் விட்டுக் கவாத்து செய்து, பூச்சி இல்லையென்று உறுதிப்படுத்திக்கொண்டு, உறையாத இடத்தில் தொட்டியை வைத்து, மண் தூசாகிவிடாத அளவுக்கு மட்டும் எப்போதாவது தண்ணீர் காட்டினால், கதகதப்பு திரும்பியதும் பழைய கட்டையிலிருந்து துளிர்க்கும். புது நாற்றைவிட முன்னாலேயே காய்க்கவும் செய்யும். குளிரே இல்லாத இடங்களில் காய்ப்பு ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு உரம் வைத்தால் போதும்.

விதை எடுப்பதானால் முழுக்கப் பழுத்த, நோயில்லாத செடியின் பழமாக இருக்க வேண்டும். கலப்பின ரகத்தின் விதை தாயைப்போல வராது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ரகம் வளர்த்தால் தேனீ கலந்துவிடும். இந்த வருடக் காயில் அது தெரியாது, அந்த விதையிலிருந்து வரும் அடுத்த செடியில்தான் தெரியும். சுத்தமான விதை வேண்டுமென்றால் மொட்டு விரியும் முன்பே மெல்லிய வலைப்பையால் கட்டி, காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் காம்பில் ஒரு நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த விதையை நிழலில், வளைத்தால் வளையாமல் ஒடியும்வரை உலர்த்திக் காகித உறையில் போட்டு, ரகத்தின் பெயரையும் வருடத்தையும் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். பியூபசென்ஸின் கறுப்பு விதையைத் தவிர, காய்ந்தபின் எல்லா மிளகாய் விதையும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுதான்.